தேநீர்க் கொப்பியில் இருந்த பதினைந்து பேர்: அம்பாறை மாவட்ட அரிசி ஆலை ஒன்றில் நடந்த வேலைநீக்கம்

பின்னணி

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் இருக்கும் அரிசி ஆலை அது. நெல்லை வாங்கி, அவித்து, சீமெந்துத் தளத்தில் காயவைத்து, குற்றி, லொறியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். முதலாளியும் வேலையாட்களும் ஒரே ஊரவர்கள். கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் ஒன்றாக நிற்பவர்கள். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு முதலாளியிடம் முற்பணம் வாங்காதவர் அந்த ஆலையில் இல்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்த எல்லாவற்றையும் சட்டத்தை விட இந்த உறவுதான் அதிகம் தீர்மானித்தது.

இந்த ஆய்வுக்குரியவர் 2010 ஜனவரியில் அங்கே நாட்டாமையாகச் சேர்ந்தார். மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் அவருடைய வேலை. லொறி வராத நாட்களில் அவியல் தொட்டிக்கு உமி தள்ளி நெருப்பெரிப்பார். 2021இல் அவருடைய நாட்சம்பளம் 1,400 ரூபாய். சனிக்கிழமைகளில் கணக்கப்பிள்ளை ஒரு துண்டில் நாட்களையும் தொகையையும் எழுதிப் பணத்துடன் கொடுப்பார். நியமனக் கடிதம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி இல்லை. தொழிற்சங்கம் என்ற சொல்லே அந்த வாசலுக்குள் கேட்டதில்லை.

நான் அரச கூட்டுத்தாபனம் ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அதில் 12 வருடம் தொழிற்சங்கக் கிளையின் செயலாளராக இருந்தேன். அந்த நாட்டாமையின் மைத்துனர் என்னுடன் வேலை செய்தவர். அந்த வழியாகத்தான் இந்த விடயம் என்னிடம் வந்தது.

வேலை நின்ற விதம்

2021 ஜனவரியில் அவர் வீட்டுக்கு ஓர் அறை கட்ட நினைத்தார். சேமலாப நிதியில் பத்து வருடம் அங்கத்தவராக இருந்தவர்கள், குறித்த அளவு மீதி இருந்தால், 30 சதவீதத்தை வீட்டுத் தேவைக்கு முன்கூட்டியே பெறலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடையாள அட்டையுடன் தொழில் அலுவலகத்துக்குப் போனார். அவர் பெயரில் கணக்கே இல்லை என்று அங்கே சொன்னார்கள்.

திரும்பி வந்து முதலாளியிடம் கேட்டார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. “அது நிரந்தரமாக இருக்கிறவர்களுக்கு, தம்பி. நீங்கள் அமையத்தில் இருக்கிறீர்கள்” என்று பதில் கிடைத்தது. அமையம் என்றால் நிரந்தரமில்லாத வேலை. மூன்று கிழமை கழித்து, பெப்ரவரி 22ஆம் திகதி மாலை, கணக்கப்பிள்ளை அவரைக் கூப்பிட்டு, “நாளைக்கு வர வேண்டாம். வேலை குறைவு. சொல்லி அனுப்புகிறோம்” என்றார்.

பெப்ரவரி கடைசி என்றால் எங்கள் பக்கத்தில் மாரி வேளாண்மை அறுவடையாகி நெல் வந்து குவியும் காலம். ஆலை வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும். அந்தக் கிழமையில் ஒரு நாட்டாமைக்கு வேலை குறைவு என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆலைக்கு வரச் சொன்னார்கள். 25,000 ரூபாயும் ஒரு தாளும் மேசையில் இருந்தன. “எனக்குரிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று தாளில் எழுதியிருந்தது. அவர் கையெழுத்து வைக்கவில்லை. மனைவியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார். அந்த ஒரு சொல் இல்லையென்றால் இந்த ஆய்வை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

முதல் நாட்களில் எடுத்த முடிவுகள்

25ஆம் திகதி அவர் என் வீட்டுக்கு வந்தார். அன்றே இரண்டு முடிவுகள் எடுத்தோம்.

முதலாவது, அந்தத் தாளில் கையெழுத்து வைப்பதில்லை. இரண்டாவது, முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவது. “22ஆம் திகதி மாலை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டேன். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். காரணத்தை எழுத்தில் தாருங்கள்.” இவ்வளவுதான் கடிதம். குற்றச்சாட்டு ஒன்றும் எழுதவில்லை.

வாய்மொழியாக நிறுத்தப்பட்ட எவருக்கும் எதிராக முதலில் வரும் பதில் ‘அவர் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்’ என்பதுதான். அதனால்தான் கடிதம் அவசரமாகத் தேவைப்பட்டது. பத்து மாதம் கழித்து அதே பதில் வந்தபோது, தபால் பற்றுச்சீட்டின் திகதி நமக்காகப் பேசியது.

என் கூட்டுத்தாபனத்தில் இது எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். 2008இல் எங்கள் களஞ்சியத்தில் பொருள் குறைந்ததாக ஒரு சக ஊழியர் மீது குற்றச்சாட்டு வந்தது. அவருக்குக் குற்றப்பத்திரிகை எழுத்தில் கொடுக்கப்பட்டது. பதில் எழுத நாள் கொடுத்தார்கள். உள்ளக விசாரணையில் சங்கப் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடிவில் அவருக்கு இடமாற்றம் கிடைத்தது. வேலை போகவில்லை. இந்தப் படிகள் எல்லாம் எங்கள் கூட்டு உடன்படிக்கையில் எழுதியிருந்தவை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, கூட்டு உடன்படிக்கையின் நிபந்தனைகள் ஒவ்வொருவருடைய வேலை ஒப்பந்தத்துக்குள்ளும் உட்கிடையாகச் சேர்ந்துவிடும். அரிசி ஆலையில் அப்படிச் சேர்வதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆயினும் ஒன்றை மறைக்கக்கூடாது. அதே கூட்டுத்தாபனத்தில் அமைய ஊழியர்களை எங்கள் சங்கம் பல வருடம் அங்கத்தவர்களாகச் சேர்க்கவில்லை. அவர்கள் நிலை இந்த நாட்டாமையின் நிலையிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. அந்தக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் நானும் ஒருவன்.

சங்கமா, முறைப்பாடா?

இங்கே நான் எடுத்த முடிவு தவறு. அதை விரிவாகவே எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம், சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்குவதை முறையற்ற தொழில் நடைமுறை என்று குற்றமாக்கியது. தொழிலாளரில் 40 சதவீதம் பேரைக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்கக்கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. ஆலையில் ஏறக்குறைய 20 பேர் என்றால் எட்டுப் பேர் போதும். ஒருவருடைய வழக்கை எட்டுப் பேருடைய வழக்காக மாற்றலாம் என்று கணக்குப் போட்டேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஒரு வீட்டில் கூடினோம். பதினான்கு பேருக்குச் சொல்லியிருந்தோம். ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் இருவர், தாங்கள் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய முற்பணத்தைச் சொல்லி, இடையில் எழுந்து போனார்கள். செய்தி அன்றிரவே முதலாளி வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த நாள், தளத்தில் நெல் துழாவும் பெண்கள் இருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கு வரவேயில்லை. வந்தவருடைய தங்கை என்பதுதான் காரணம். பத்து நாள் கழித்து, பெரியவர்கள் போய்க் கதைத்த பிறகு, இருவரையும் மீண்டும் எடுத்தார்கள். பத்து நாள் சம்பளம் போனது போனதுதான்.

வேலைநீக்கப்பட்ட ஒருவருக்கு இழக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மற்றவர்களுக்கு இருந்தது. அந்த வேறுபாட்டை நான் எடைபோடவில்லை. சட்டம் பழிவாங்கலைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு முடியும்வரை அந்தப் பெண்களின் அடுப்பை யார் எரிப்பது என்ற கேள்வியை அவர்கள்தான் என்னிடம் கேட்டார்கள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே சங்கத்தை ஒதுக்கிவைத்தோம். தனி ஒருவராகத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யச் சங்கமும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம். சேமலாப நிதி, பணிக்கொடை (வேலை முடியும்போது சேவை வருடங்களுக்கேற்ப முதலாளி கொடுக்கும் தொகை), வேலைநீக்கம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினோம். ஒன்றில் சிக்கல் வந்தால் மற்ற இரண்டும் அதனுடன் சேர்ந்து நின்றுவிடக்கூடாது என்பதற்காக அப்படிப் பிரித்தோம்.

பதினைந்து என்ற எண்

இந்த வழக்கின் நடு இடம் இதுதான்.

சேமலாப நிதிக்கு ஆள் எண்ணிக்கை தேவையில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரேயொரு ஊழியர் இருந்தாலும், அவர் அமையமாக இருந்தாலும், துண்டுக் கூலியாக இருந்தாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். முதலாளி 12 சதவீதம், ஊழியர் 8 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதம். மாதம் 24 நாள் வேலை செய்தால் 33,600 ரூபாய். அதில் சேமலாப நிதி 6,720, நம்பிக்கை நிதி 1,008. உரிய மாதத்தில் கழிக்கத் தவறிய 8 சதவீதத்தைப் பின்னால் ஊழியரிடம் கேட்கவும் முடியாது. முழுவதும் முதலாளியின் தலையில்தான்.

மற்ற இரண்டு சட்டங்களுக்கும் எண்ணிக்கை வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், வேலை முடிவதற்கு முந்திய 12 மாதங்களுள் ஏதாவது ஒரு நாளில் 15 பேரோ அதற்கு மேலோ இருந்தார்களா என்று கேட்கிறது. வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் கேட்பது வேறு: முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேர் இருந்தார்களா? இருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. ஒரு சட்டத்துக்கு ஒரு நாள் போதும், மற்றதற்கு ஆறு மாதம் வேண்டும். இந்த வேறுபாட்டை நான் அதுவரை கூர்ந்து வாசித்ததில்லை. சங்கம் உள்ள பெரிய நிறுவனத்தில் அந்தக் கேள்வியே எழாது.

ஆலையின் சம்பளப் பதிவேட்டில் 11 பெயர்கள்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே வேறு காகிதம் தேடினோம்.

ஒரு நாளுக்கான சான்று அவருடைய கைபேசியிலேயே இருந்தது. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, ஆலை தொடர்ந்து இயங்க அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக முதலாளி தன் கையெழுத்துடன் ஒரு பெயர்ப்பட்டியல் கொடுத்திருந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர். வழியில் சோதனைச் சாவடியில் காட்டுவதற்காகப் படம் எடுத்துவைத்திருந்தார். பட்டியலில் 19 பெயர்கள்.

ஆறு மாதத்துக்கான சான்று தேநீர்க் கடையில் இருந்தது. ஆலைக்கு எதிரே உள்ள சிறிய கடையிலிருந்து காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் பிளேன்டீ போகும். மாத முடிவில் கணக்குத் தீர்ப்பார்கள். கடைக்காரர் கடன் கொப்பியில் ஒவ்வொரு நாளும் ‘மில் 21’, ‘மில் 18’ என்று எழுதிவைத்திருந்தார். 2020 ஓகஸ்ட் முதல் 2021 ஜனவரி வரை, ஆலை மூடியிருந்த நாட்களை விட்டு, 138 நாட்கள். நாட்டாமையின் வீட்டு விறாந்தையில் இருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினோம். சராசரி 19. முதலாளி, அவருடைய மகன், வந்துபோகும் லொறிச் சாரதி என்று மூவரைக் கழித்தாலும் 16. அந்த எண் வந்தபோது அவர் இன்னொரு முறை கூட்டச் சொன்னார். கூட்டினேன். அதே எண்.

மனைவி எடுத்துவைத்திருந்த சனிக்கிழமைத் துண்டுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளுடன் ஒரே உறையில் இருந்தன. அவையும் சேர்ந்தன.

விசாரணை

முறைப்பாடுகளை மே தொடக்கத்தில் கொடுத்தோம். மே 21இல் நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு வந்தது. ஓகஸ்டில் மீண்டும் ஊரடங்கு. ஒக்டோபர் வரை ஒன்றும் அசையவில்லை. அந்த மாதங்களில் அவர் வயலில் கூலிக்குப் போனார், மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது.

முதல் விசாரணையில் முதலாளி தரப்பு, ஊழியர்கள் 11 பேர் என்றது. நாட்டாமைகள் தங்கள் ஊழியர்களே அல்லர், குழுத் தலைவர் ஒருவரின் ஆட்கள் என்றது. எங்கள் தரப்பில் சனிக்கிழமைத் துண்டுகளை வைத்தோம். எல்லாம் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து. குழுத் தலைவர் என்று சொல்லப்பட்டவருக்கும் அதே போன்ற துண்டுதான் கிடைத்துவந்தது. மூட்டை தூக்க வந்த குத்தகை ஆள் ஏன் இரவில் அவியல் தொட்டிக்கு நெருப்பெரித்தார் என்ற கேள்வியைத் தொழில் உத்தியோகத்தரே கேட்டார்.

தேநீர்க் கொப்பி தனியாக நிற்கும் சான்று அல்ல என்பதையும் அவர் சொன்னார். ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் நவம்பரில் ஒரு காலை முன்னறிவிப்பு இல்லாமல் ஆலைக்குப் போனார். பதிவேட்டில் 11 பேர். தளத்திலும் உள்ளேயும் வேலையில் நின்றவர்கள் 17 பேர்.

இரண்டாவது விசாரணையில் கதை மாறியது. முதலில் அவர் தானாகவே விலகினார் என்றார்கள். பதிவுத் தபாலைக் காட்டியதும், சாக்குகள் குறைந்ததால் நிறுத்தினோம் என்றார்கள். பதினொரு வருடம் ஒரு நெல்மணி எடுக்காதவர் என்று அதே முதலாளி ஊரில் பலரிடம் சொல்லியிருக்கிறார். நாட்டாமை தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியாது. சட்டத்தின் பதில் சுருக்கமானது: ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒரு கடிதம் இல்லை.

முடிவு

மீண்டும் வேலைக்குச் சேர்க்கும்படி கேட்க வழி இருந்தது. அவர் விரும்பவில்லை. “திருடன் என்று சொன்ன வாசலுக்குள் எப்படி அண்ணன் போவது?” என்றார். நான் வற்புறுத்தவில்லை.

2022 ஜனவரியில் தொழில் அலுவலகத்தில் இணக்கம் ஏற்பட்டது. நாட்சம்பளக்காரருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 1,400 ரூபாய் வீதம் 11 வருடத்துக்கு 2,15,600 ரூபாய். மாதம் 30,800 ஆக ஏழு தவணைகள். வேலைநீக்கத்துக்கு இழப்பீடு 1,50,000, ஒரே முறையில். சேமலாப நிதி 11 வருடத்துக்கும் மதிப்பிட்டுக் கட்டப்பட வேண்டும். ஆலையில் கணக்கு இல்லாத மற்றவர்களுக்கும் கணக்குத் திறக்கப்பட்டது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அந்த இரண்டு பெண்களும் அவர்களில் அடங்குவர்.

முதல் தவணை பெப்ரவரியில் வந்தது. மார்ச்சில் ரூபாய் வீழ்ந்தது. கடைசித் தவணை ஓகஸ்டில் கைக்கு வந்தபோது நாட்டின் பணவீக்கம் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த அறைக்கு அத்திவாரம் மட்டும் போட்டார். சீமெந்து வாங்கப் பணம் காணவில்லை.

ஆலை தன் தேநீரை வேறு கடையில் எடுக்கத் தொடங்கியது. கொப்பி கொடுத்தவரின் நாள் வியாபாரத்தில் இருபது கோப்பை குறைந்தது. இதை முன்கூட்டி நினைத்து அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. அவர் என்னிடம் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

மீண்டும் இப்படி ஒன்று வந்தால்

தவணைக்கு இணங்கமாட்டேன். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால், தாமதத்துக்கேற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் இணக்கத்துக்காக விட்டுக்கொடுத்தோம். விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக முழுத்தொகையையும் உடனே கேட்டிருக்க வேண்டும். முதலாளி மறுத்திருந்தால், நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடும் வழியும் இருந்தது.

கூட்டத்தை முறைப்பாட்டுக்கு முன் வைக்கமாட்டேன். வேலையில் இருப்பவர்களின் பெயர் வெளியே வராமல் முதலில் காகிதத்தைச் சேர்ப்பேன். சேமலாப நிதி கட்டப்படவில்லை என்று தொழில் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தும்போது, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். அந்த வழியில் அலுவலகம் ஒரு தடவை ஆலைக்குள் வந்து, எல்லோருக்கும் கணக்குத் திறந்த பிறகு சங்கத்தைப் பற்றிப் பேசியிருந்தால், ஐந்து பேருக்கு மேல் வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

15 பேருக்குக் குறைந்த இடமாக இருந்தாலும் பணிக்கொடைக்கு, வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையை நாடலாம் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்வேன். அந்த எண் கிடைக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் அவர் பல இரவு தூங்கவில்லை என்று பின்னால்தான் அறிந்தேன்.

பெண்களின் சம்பளத்தையும் கேட்டிருப்பேன். தளத்தில் வெயிலில் நின்றவர்களுக்கு அப்போது நாளுக்கு 700 ரூபாய். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் அன்று கேட்டது நாளுக்கு 400தான். ஆகவே அதில் மீறல் இல்லை என்று நான் அப்போதே விட்டுவிட்டேன். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாத வேதனம் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. அதே கணக்கை இப்போது போட்டால் விடை வேறாக வரக்கூடும்.

அவர் இப்போது காரைதீவுப் பக்கம் நான்கு பேர் வேலை செய்யும் இரும்புக் கடை ஒன்றில் இருக்கிறார். சேர்ந்த நாளிலேயே சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டிருக்கிறார். இரண்டாம் மாதம் வந்தது. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்.